பாவித்த ஸ்கண்டிநேவியத் தளபாடங்கள்: யாழ்ப்பாணத்தில் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்கு நோர்வேயிலோ டென்மார்க்கிலோ சுவீடனிலோ ஒரு சொந்தம் உண்டு. அவர்கள் கொன்ரெயினரில் கொண்டுவந்த சாமான்கள், ஊரோடு வந்து குடியேறியவர்களின் வீட்டுச் சாமான்கள், கொழும்பில் வேலை முடிந்து போகும் வெளிநாட்டவர் விற்றுவிட்டுப் போகும் சாமான்கள் என்று அந்த நாட்டுத் தளபாடங்கள் இப்போது இங்கே கைமாறுகின்றன. பரம்பரைக்கு நிற்கக்கூடியதும் அதற்குள் இருக்கிறது, ஒரு மாரி தாங்காததும் இருக்கிறது. போன் படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வாங்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஸ்கண்டிநேவியத் தளபாடம் என்று எதைச் சொல்கிறார்கள்?

டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் தளபாடங்களை. பின்லாந்தையும் சேர்த்தே பேசுவது வழக்கம். வெளிர் மரம், மெல்லிய கால், செதுக்கு வேலை இல்லாத நேர்கோடு, கையில் தூக்கக்கூடிய பாரம் ஆகியவை பொதுவான அடையாளங்கள்.

இவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். முதலாவது, பெரிய வடிவமைப்பாளர்கள் வரைந்து இன்றைக்கும் செய்யப்படுபவை. அல்வார் ஆல்டோவின் 1933ஆம் ஆண்டு முக்காலி, ஹன்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த வை கதிரை, ஆர்ன யாக்கொப்சனின் 1955ஆம் ஆண்டு செவன் கதிரை எல்லாம் இதற்குள் வரும். இரண்டாவது, டென்மார்க்கில் 2002இல் தொடங்கிய ஹேய், 2006இல் தொடங்கிய மூட்டோ போன்ற புதிய நிறுவனங்களின் சாமான்கள். மூன்றாவது, 1943இல் சுவீடனில் தொடங்கிய ஐக்கியா. நம் ஊரில் கைமாறுவதில் பெரும்பங்கு இந்த மூன்றாவதுதான். முதலாவது அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்கே தேடுவது?

முதலில் வாய்வழியாகத் தேடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்து வீடு கட்டியவர்கள் வீட்டை விற்கும்போதோ வாடகைக்குக் கொடுக்கும்போதோ சாமானைக் கழிப்பார்கள். அது இணையத்துக்கு வருமுன்பே அயலில் போய்விடும். தெரிந்த ஓடாவியிடமும், சாமான் ஏற்றும் பட்டாக்காரரிடமும் சொல்லி வையுங்கள். எந்த வீடு காலியாகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டாவது இடம் இக்மன் விளம்பர இணையத்தளமும் பேஸ்புக் மார்க்கெட் பிளேசும். தேடும்போது 'ஐக்கியா' என்று மட்டும் தேடாதீர்கள். விற்பவருக்கே பெயர் தெரியாமல் 'வெளிநாட்டுக் கதிரை', 'பாவித்த செற்றி' என்று போட்டிருப்பார். நல்ல சாமான் நல்ல விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

மூன்றாவது கொழும்பு. தூதரகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் ஒப்பந்தம் முடிந்து போகும்போது வீட்டோடு விற்பார்கள். பறக்கும் தேதி அவர்களைத் துரத்துவதால் விலை இறங்கும். ஆனால் ஏ9 வீதியால் ஏற்றிவரும் கூலியைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கதிரைக்காக லொறி பிடிப்பது கட்டாது. வெறுமையாகத் திரும்பும் லொறியில் இடம் கேட்டால் கட்டும்.

ஐக்கியாச் சாமான் வாங்கலாமா, கூடாதா?

எந்தச் சாமான் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு நிறுவனத்திலேயே இங்கே நன்றாக உழைப்பதும் உண்டு, காசைக் கரைப்பதும் உண்டு.

பில்லி என்ற புத்தக அலுமாரி 1979இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. 80 சென்ரிமீட்டர் அகலம், 202 சென்ரிமீட்டர் உயரம். பார்க்க மரம் போல இருக்கும். உள்ளே பெரும்பாலும் மரத்தூளையும் சீவலையும் பசையோடு அழுத்திய சிப்போட், மேலே மெல்லிய படலம். லாக் என்ற சின்ன மேசையின் பலகை இன்னும் இலேசு. மேலும் கீழும் மெல்லிய தகடு போல ஒரு பலகை, நடுவில் தேன்கூடு மாதிரி அடுக்கிய கடதாசி. பிறந்த நாட்டில் இவை பிழையான சாமான்கள் அல்ல. அங்கே தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் இல்லை.

இங்கே நிலைமை வேறு. நல்லூரில் கொடி ஏறப்போகிறது என்றால் வீடு கழுவாமல் விடுவோமா? வாளியோடு தண்ணீர் அடித்துத் தும்புத்தடியால் தேய்த்துத் தள்ளுகிறோம். அலுமாரியின் அடிப்பலகை நிற்பது அந்தத் தண்ணீரில்தான். சிப்போட் ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே பாவித்த ஐக்கியா அலுமாரியைப் பார்க்கப் போனால் நின்று பார்க்காதீர்கள், குந்தியிருந்து பாருங்கள். அடியில் முதல் இரண்டு விரல் உயரத்தை விரலால் தடவுங்கள். விளிம்பு பிஸ்கட் ஊறினது போலப் பருத்திருந்தாலோ, மேற்படலம் உதடு பிரிந்து நின்றாலோ எழுந்து வந்துவிடலாம்.

இன்னுமொரு விஷயம். சிப்போட் சாமானைக் கழற்றிக் கழற்றிப் பூட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் ஸ்குரூ பிடிக்கும் துளை தூளாகும். கொழும்பில் கழற்றி, இங்கே பூட்டி, பிறகு வீடு மாறும்போது மறுபடியும் கழற்றினால் ஆட்டம் கண்டுவிடும்.

இனி வாங்கக்கூடியது. பொயெங் என்ற சாய்வுக் கதிரையை நொபொரு நகமுரா என்ற யப்பானியர் 1976இல் ஐக்கியாவுக்காக வரைந்தார். பிர்ச் அல்லது பீச் மரத்தின் மெல்லிய சீவல்களை அடுக்கி ஒட்டி, அச்சில் வளைத்துச் செய்த சட்டம். தொடர்ச்சியான வளைவு என்பதால் உட்காரும்போது இலேசாகத் தாழ்ந்து எழும்பும். நம் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். மெத்தையைக் கழற்றலாம், சட்டத்தைத் துடைக்கலாம். ஐக்கியாவில் பைன் மரத்தால் ஆன மேசைகளும் லாச்சிப் பெட்டிகளும் உண்டு. அவற்றைச் சீவலாம், பொலிஷ் போடலாம், ஆணி அடிக்கலாம். நம் ஊர் ஓடாவியால் திருத்தக்கூடியதா என்ற கேள்வியை ஒவ்வொரு சாமானுக்கும் கேளுங்கள். 'ஆம்' என்றால் பெயர் எதுவாக இருந்தாலும் யோசித்துப் பார்க்கலாம்.

முழு மரமா, ஒட்டுப் பலகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கவிழ்த்துப் பாருங்கள். விற்பவர் துடைத்து வைப்பது மேற்பக்கத்தை. அடிப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை, அதனால் அது உள்ளதைக் காட்டும்.

மேசைப் பலகையின் முகத்தில் ஓடும் ரேகை விளிம்பில் தொடர்ந்து, அடியிலும் அதே போக்கில் வந்தால் முழு மரம். முகத்தில் அழகான ரேகையும் விளிம்பில் வேறொரு பட்டியும் இருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. விளிம்பில் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். ஸ்கண்டிநேவியத் தளபாடத்தில் பிளைவுட் மலிவுக்காக வந்ததல்ல, வளைவுக்காக வந்தது. செவன் கதிரையின் உடல் முழுவதும் 9 அடுக்குச் சீவலை அழுத்தி வளைத்ததுதான். அதில் பார்க்க வேண்டிய இடம் இடுப்பு. இருக்கையும் முதுகும் சேரும் ஒடுங்கிய பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தடக்கினால் வெடிப்புத் தொடங்கிவிட்டது. பிறகு அதில் பாரமான ஒருவர் சாய்ந்திருக்க முடியாது.

ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். கதிரையை இரண்டு கால்களில் நிறுத்தி, மூலைவிட்டமாக அழுத்துங்கள். பூட்டுத் தளர்ந்திருந்தால் அலன் சாவியால் இறுக்கலாம். இறுக்கிய பிறகும் ஆடினால் துளை தேய்ந்திருக்கிறது. முழு மரமென்றால் ஓடாவி ஒரு குச்சி அடித்து ஒட்டி மறுபடி துளைத்துத் தருவார். சிப்போட் என்றால் அதோடு சரி.

கறையான் தின்னாதா?

தின்னும், தயங்காமல் தின்னும். முதிரை, பாலை, தேக்கு என்று வைரம் பாய்ந்த மரத்தில் பழகிய நமக்கு இதுதான் விளங்க வேண்டிய பெரிய வித்தியாசம். பிர்ச்சும் பீச்சும் குளிர்நாட்டு மரங்கள். அழகாக வளையும், இறுக்கமாக இருக்கும். ஆனால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எதிரான தற்காப்பு அவற்றில் இல்லை. ஐரோப்பியத் தர வகைப்பாட்டில் உக்காமல் நிற்கும் தன்மைக்கு 5 படிகள் இருக்கின்றன. தேக்கு முதலாம் படியில் இருக்கிறது, பீச்சும் பிர்ச்சும் கடைசிப் படியில் இருக்கின்றன. ஓக்கின் வைரப்பகுதி மேற்படியில், பைனின் வைரப்பகுதி நடுத்தரம்.

வாங்கும்போது மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். காலோரமாக மண் குழாய் ஏறியிருந்தால் நிலக்கறையான். கதிரையைத் தட்டும்போது கசகசா போன்ற சின்ன உருண்டைகள் கொட்டினால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கறையான். மா மாதிரி நைசான தூள் கொட்டினால் உளுக்கும் வண்டு. நிலக்கறையான் என்றால் அந்த வீட்டுத் தரைதான் காரணம், சாமான் தப்பியிருக்கலாம். மற்ற இரண்டும் சாமானோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வரும், பிறகு கூரை மரத்துக்கும் போகும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை உள்ளே எடுக்காதீர்கள்.

சுத்தமான சாமானை வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியது, பொலிஷ் படாத அடிப்பக்கங்களுக்கும் கால் நுனிகளுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசுவது. பொலிஷ் மேல் பூசிப் பயனில்லை, வெறும் மரம்தான் அதை உறிஞ்சும். காய்ந்த பிறகு கால் நுனியை வார்னிஷால் அடைத்து, அடியில் றப்பர் தட்டையோ கண்ணாடிக் கிண்ணமோ வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மண் குழாய் ஏறினால் கண்ணில் படும். வெயிலில் போட்டுப் பூச்சி கலைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வளைத்து ஒட்டிய பிளைவுட்டை நம் சித்திரை வெயிலில் போட்டால் பூச்சி போகிறதோ இல்லையோ, ஒட்டுப் பிரியும்.

மாரியில் லாச்சி இறுகுகிறது, மேசை வளைகிறது. ஏன்?

குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் சூடேற்றுவார்கள். அறைக் காற்று மிகவும் உலர்ந்திருக்கும், ஈரப்பதம் 30 வீதத்துக்குக் கீழேயும் போகும். இங்கே ஆண்டில் பெரும்பகுதி 70 வீதத்துக்கு மேல். மரம் காற்றில் உள்ள ஈரத்தை உள்ளே எடுக்கும். அங்கே 7, 8 வீத ஈரத்தோடு இருந்த பலகை இங்கே வந்து 14, 15 வீதம் ஆகும். நீளத்தில் ஒன்றும் நடக்காது, அகலத்தில் ஊதும். லாச்சி இறுகுவது அதனால்தான்.

ஆகவே கொன்ரெயினரில் வந்து இறங்கிய உடனே லாச்சியைச் சீவ வேண்டாம். ஒரு மாரி பார்க்கட்டும். அதன் பிறகும் இறுகினால் இறுகும் பக்கத்தில் மட்டும் சீவுளி போட்டு, பழைய மெழுகுதிரியைத் தேய்த்து விடுங்கள். மேசைப் பலகை வளைவதற்கு வேறொரு காரணம் பல வீடுகளில் இருக்கிறது. மேலே மட்டும் வார்னிஷ் அடித்திருப்பார்கள். அடிப்பக்கம் ஈரத்தை இழுக்க, மேற்பக்கம் இழுக்காமல் இருக்க, பலகை கிண்ணம் போலாகிவிடும். அடிக்கிறதென்றால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும்.

ஒறிஜினலா கொப்பியா என்று பார்க்கத் தெரியவில்லை.

வை கதிரைக்கு உலகம் முழுவதும் கொப்பி உண்டு. ஒறிஜினலை டென்மார்க்கின் கார்ல் ஹன்சன் நிறுவனம் 1950இல் இருந்து செய்கிறது. அதன் மேல் வளையம் ஆவியில் வளைத்த மரம். ரேகை வளைவோடு சேர்ந்து ஓடும். மலிவான கொப்பியில் துண்டுகளைப் பல்லுப் பல்லாகக் கோத்து ஒட்டி, பிறகு வளைவாக அறுத்திருப்பார்கள். ரேகை நடுவில் அறுபட்டு வேறு திசையில் தொடங்கும். இருக்கை முறுக்கிய கடதாசிக் கயிற்றால் பின்னியது. ஒரு கதிரைக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு போகும். இழைகள் ஒரே இறுக்கத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். சட்டத்தின் உட்புறத்தில் அல்லது அடியில் உற்பத்தியாளரின் அடையாளத்தையும் தேடுங்கள்.

ஐக்கியாச் சாமானில் ஒட்டியிருக்கும் தாளில் 8 இலக்கப் பொருள் எண்ணும், செய்த காலத்தைக் காட்டும் 4 இலக்கமும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு கிழமை. 1732 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை. 'போன வருசம்தான் வாங்கினது' என்பவரிடம் அதைக் காட்டிப் பேசலாம்.

கொப்பி என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆஷ் மரத்தில் இறுக்கமாகச் செய்த கொப்பி கதிரையாகப் பயன்படும். ஆனால் ஒறிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

செற்றி வாங்கலாமா?

சட்டம் மரமாகவும் மெத்தைகள் தனியாகக் கழற்றக்கூடியதாகவும் இருந்தால் வாங்கலாம். பஞ்சு முழுவதும் உள்ளே வைத்துத் தைத்த பெரிய செற்றி என்றால் நன்றாக யோசியுங்கள். நம் சூட்டிலும் ஈரத்திலும் பழைய நுரைப்பஞ்சு பொடியாகும். மெத்தையைக் கையால் அழுத்தி விடுங்கள். உடனே எழும்பாமல் பள்ளம் நின்றாலோ, உறைக்குள் மஞ்சள் தூள் தெரிந்தாலோ பஞ்சு முடிந்தது. கழற்றும் மெத்தை என்றால் ரவுணில் புதுப் பஞ்சு வெட்டிப் போடலாம்.

செயற்கைத் தோல் உறை எடுக்கவே வேண்டாம். அது செதில் செதிலாக உரிவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. உண்மையான தோல் உரியாது, ஆனால் பூட்டிய அறையில் மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஆள் இருந்து புழங்கும் வீட்டில், மின்விசிறி ஓடும் அறையில்தான் அது நிலைக்கும். ஆறு மாதம் பூட்டிக்கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீட்டுக்குத் தோல் செற்றி ஏற்றதல்ல. நோர்வேயின் எக்கோர்னெஸ் 1971இல் இருந்து செய்யும் ஸ்ட்ரெஸ்லெஸ் கதிரைகளுக்கும் இது பொருந்தும். பொறிமுறை நெடுங்காலம் உழைக்கும், தோலைத்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சண மணம் பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் துடைத்துப் போகாது.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். இரும்புக் கால் மேசை சரிவருமா?

குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் உப்புக்காற்று இரும்பை விடாது. பூச்சு முழுதாக இருக்கும்வரை பயமில்லை. கீறலில் இருந்துதான் கறள் தொடங்கும், அதுவும் பூச்சுக்கு அடியால் ஊர்ந்து போகும். பற்றவைத்த மூட்டுகளையும் கால் நுனிகளையும் பாருங்கள். குழாய்க் கால் என்றால் நுனி மூடியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுங்கள். கறள் தூள் கொட்டினால் உள்ளே அரித்துவிட்டது.

கடற்கரை வீட்டுக்கு நான் சொல்வது பிளாஸ்ரிக் உடலும் அலுமினியக் காலும் உள்ள புதிய டெனிஷ் கதிரைகளைத்தான். ஹேய், மூட்டோ இரண்டிலும் உண்டு. கறையானும் இல்லை, கறளும் இல்லை, வீடு கழுவினாலும் ஒன்றும் ஆகாது. ஸ்குரூ பிடித்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

கட்டில் வாங்கும்போது?

அளவு. அவர்களின் கட்டில் நீளம் 200 சென்ரிமீட்டர், ஏறத்தாழ 79 அங்குலம். நம் கடைகளில் 72, 75 அங்குல மெத்தைதான் கைக்கு வரும். கால்மாட்டில் இடைவெளி விழும். மெத்தையோடு சேர்த்து வாங்குங்கள், அல்லது அளவு கொடுத்துச் செய்விக்கும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒஸ்லோவில் இருக்கும் அண்ணா, பாவித்த சாமான் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

அண்ணாவுக்கு அங்கே வாங்குவது சுலபம். நோர்வேயில் ஃபின், சுவீடனில் புளொக்கெட், டென்மார்க்கில் டிபிஏ என்று பாவித்த சாமானுக்கான பெரிய விற்பனைத் தளங்கள் இருக்கின்றன. சும்மா கொடுப்பதற்கென்றே ஃபின்னில் தனிப் பகுதி உண்டு. சல்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் ஃபிரெடெக்ஸ் கடைகளிலும் நல்ல கதிரைகள் கிடைக்கும்.

செலவு அனுப்புவதில்தான். கொன்ரெயினரில் பங்கு இடம் எடுத்தால் பாரத்துக்கு அல்ல, கனமீட்டருக்குத்தான் காசு. பொயெங் கதிரை ஒன்றை அப்படியே அனுப்பினால் அரைக் கனமீட்டருக்கு மேல் பிடிக்கும். கழற்றித் தட்டையாகக் கட்டினால் அதில் சிறு பங்குதான். ஆகவே அனுப்பத் தகுந்தவை கழற்றக்கூடியவையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக்கூடியவையும். ஆல்டோவின் முக்காலியும் செவன் கதிரையும் அடுக்குவதற்கென்றே வரைந்தவை. சிப்போட் அலுமாரியை அனுப்ப வேண்டாம் என்று அண்ணாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கு இங்கே வேப்பம் பலகையில் நல்ல அலுமாரி செய்விக்கலாம்.

மரப்பெட்டியில் அடைப்பதாக இருந்தால் அந்தப் பலகை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். சர்வதேச விதி அது. முத்திரை இல்லாத பலகைப் பெட்டி துறைமுகத்தில் மறிபடலாம். சுங்கத் தீர்வை, துறைமுகக் கட்டணம், யாழ்ப்பாணத்துக்கு ஏற்றும் கூலி எல்லாவற்றையும் சேர்த்த தொகையை, சாமான் ஏற்றுமுன் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். 'அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நியாயமான விலை எது?

அதே அளவில், அதே வேலையை, முதிரையிலோ தேக்கிலோ செய்து தர உங்கள் ஓடாவி என்ன கேட்பார் என்று முதலில் விசாரியுங்கள். பாவித்த சாமான் அந்தத் தொகையைத் தாண்டினால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். வளைத்த பிளைவுட், கடதாசிக் கயிற்றுப் பின்னல், அடையாளம் உள்ள ஒறிஜினல் ஆகியவை காரணங்கள். 'வெளிநாட்டுச் சாமான்' என்பது காரணம் அல்ல. பேரம் பேசும்போது குறையைக் கையால் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். பொதுவாகக் குறைக்கச் சொல்வதைவிட அது எடுபடும்.

படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பலாமா?

வேண்டாம். வீடியோ அழைப்பில் சாமானைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. மறுப்பவரை விட்டுவிடலாம். கொழும்பில் என்றால் அங்கே இருக்கும் ஒரு சொந்தக்காரரை அனுப்பிப் பார்த்து, ஏற்றும்போது காசைக் கொடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உயரமான லாச்சிப் பெட்டி எதுவானாலும் சுவரோடு பூட்டுங்கள். ஐக்கியாவின் மால்ம் உட்படப் பல லாச்சிப் பெட்டிகள், பிள்ளைகள் மேல் சாய்ந்து உயிர் போனதால், 2016இல் அமெரிக்காவில் திருப்பி அழைக்கப்பட்டன. அங்கே மட்டும் சுமார் 2 கோடியே 90 இலட்சம் பெட்டிகள். பிள்ளை கீழ் லாச்சிகளை இழுத்துப் படியாக ஏறினால் பெட்டி முன்னுக்குக் கவிழும். சுவரில் பூட்டும் தகடு கைமாறும்போது அநேகமாகத் தொலைந்திருக்கும். ஹாட்வெயார் கடையில் இரண்டு எல் வடிவத் தகடு வாங்கினால் போதும். பழைய சுண்ணாம்புக் கல் வீட்டில் சாந்து உதிரும், அதனால் நீளமான றோல் பிளக் போட்டுக் கல்லுக்குள் இறக்குங்கள். இது நாளைக்குத் தள்ளும் வேலை அல்ல, சாமான் இறங்கிய அன்றைக்கே செய்யுங்கள்.

நோர்வேயில் பீட்டர் ஒப்ஸ்விக் 1972இல் வரைந்த டிரிப் டிராப் என்ற பிள்ளைக் கதிரை கிடைத்தால் விடாதீர்கள். இருக்கைத் தட்டையும் கால்தட்டையும் பிள்ளை வளர வளர இறக்கலாம். பீச் மரம், ஆகவே கறையான் விதிகள் இதற்கும் உண்டு. கைக்குழந்தைக்கு என்றால் முன்பக்கத் தடுப்பும் வாரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்குரூ, பூட்டு தொலைந்துவிட்டது. இங்கே கிடைக்குமா?

ஐக்கியாவின் பெரிய போல்ட்டுகளில் பல 6 மில்லிமீட்டர் தடிப்பு. ரவுணில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். திருப்பினால் இறுகும் வட்டப் பூட்டுத்தான் சிரமம். பூட்டும் விளக்கத்தாளில் ஒவ்வொரு உதிரிக்கும் 6 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை வெளிநாட்டில் உள்ளவரிடம் சொன்னால், ஐக்கியாவிடம் கேட்டுச் சின்ன உதிரிகளை இலவசமாகவே எடுக்கலாம். ஊருக்கு வருபவரின் பையில் ஒரு கைப்பிடி இடம் போதும்.

கயிற்று இருக்கை அறுந்த கதிரை மலிவாக வந்திருக்கிறது. இங்கே பின்ன முடியுமா?

முடியும். சட்டம் இறுக்கமாக இருந்தால் இது வாங்க வேண்டிய சாமான், ஏனென்றால் மற்றவர்கள் இதைப் பார்த்து ஒதுங்குவார்கள். அடையாளம் உள்ள ஒறிஜினல் என்றால் கடதாசிக் கயிற்றையே வெளிநாட்டில் இருந்து எடுப்பியுங்கள். மதிப்பு குறையாது. பின்னும் முறையைக் காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. பிரம்புக் கதிரை பின்னுபவரிடம் ஒன்றைக் காட்டினால் கைப்போக்கு உடனே பிடிபடும். சாதாரணக் கதிரை என்றால் நார்க்கட்டில் பின்னும் பனைநாரே போதும். நாரை நனைத்து, ஈரத்தோடு இழுத்துப் பின்னி, நிழலில் காயவிடுங்கள். காயும்போது தானாக இறுகும். பின்னத் தொடங்குமுன் பழைய கயிறு முழுவதையும் அறுத்தெடுத்து, அது மறைத்திருந்த சட்டத்தின் நான்கு பக்கத்துக்கும் போராக்ஸ் கரைசலைப் பூசிவிடுங்கள். பின்னிய பிறகு அந்த மரத்துக்குக் கை எட்டாது.